மாவுக்கட்டும் இரும்புக்கரமும்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிவறைத் தரைக்கு ஒரு விசித்திரப் பண்பு உண்டு. அது கைதானவர்களை மட்டுமே வழுக்கி விழச் செய்யும். விழுந்தவரின் கையையோ காலையோ தவறாமல் முறிக்கும். அங்கே வழுக்கி விழுந்து கை முறிந்த காவலர் ஒருவரைப் பற்றி இதுவரை செய்தி படித்த நினைவில்லை. 2025இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று இதே ஐயத்தை எழுப்பிக் காவல்துறையிடம் கேள்வி கேட்டது. நீதிபதிகள் கேட்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதற்கான விடை ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் ஊர் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பைப் பற்றியே எழுத விரும்புகிறோம். 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்தில் சென்ற மாணவர்களை வேறு சில மாணவர்கள் பட்டாக்கத்தியோடு துரத்தி வெட்டினர். கொடூரமான காட்சி, கைபேசிகளில் பதிவாகி நாடெங்கும் பார்க்கப்பட்டது. அடுத்து வந்தது, கைதானவர்கள் மாவுக்கட்டோடு நிற்கும் படம். வடிவேலுவின் முகம் ஒட்டிய கேலிப் படங்களாக அது பெருகியது. அன்றிலிருந்து 'மாவுக்கட்டு' என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது. முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்காக மருத்துவர் போடும் கட்டுக்குப் பெயராக இருந்த சொல், தண்டனை ஒன்றின் பெயராகிவிட்டது. 'இவனுக்கு மாவுக்கட்டு உறுதி' என்று செய்தித் தலைப்புகளே எழுதுகின்றன. விசாரணை, குற்றப்பத்திரிகை, சாட்சியம், தீர்ப்பு ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் தாண்டிவிட்ட சாதனை உலக மொழிகளில் தமிழுக்கே உரியதாக இருக்கக்கூடும்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் என்ற முறையில் இச்சொல்லின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கிறோம். சென்னைக் கல்லூரிகளில் 'ரூட்டு தல' என்று ஒரு பதவி உண்டு. ஒரு பேருந்துத் தடத்தில் வரும் மாணவர்களுக்குத் தலைவன். தேர்தல் இல்லை, நியமனம் இல்லை, அடியின் வழியாகவே அப்பதவி கிடைக்கும். மாவுக்கட்டுப் படம் பரவிய நாளில், வகுப்பில் பின்வரிசையில் அமரும் ஒரு மாணவனிடம் 'இதைப் பார்க்க உனக்குப் பயமாக இல்லையா?' என்று கேட்டோம். "பயமா? எவ்ளோ கெத்தா நிக்கிறான் பாருங்க சார்" என்றான் அவன். ஊர் கேலியாகப் பார்த்த கட்டை அவன் பதக்கமாகப் பார்த்தான். போலீஸ் கை வைத்தவன் என்பது அந்த உலகில் ஒரு தகுதி. முந்நூறு ரூபாய்க் கத்தியால் சம்பாதிக்க முடியாத மதிப்பை அரசாங்கம் இலவசமாகத் தந்துவிட்டது. இந்த வைத்தியத்தால் நோய் தீர்ந்திருந்தால், 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே இன்னொரு கல்லூரியின் மாணவர்கள் தாக்கியதில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்திருக்க மாட்டார். ஐந்தாண்டு மாவுக்கட்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை இறந்தான்.

மாவுக்கட்டுக்கு அடுத்த படி 'என்கவுன்டர்'. எதிர்ப்படுதல் என்பதற்குமேல் ஆங்கிலத்தில் பெரிய பொருளேதும் இல்லாத இச்சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பெயர் வைக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் சொன்னால் 'காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர்' என்று சொல்ல வேண்டிவரும். அவ்வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. 'என்கவுன்டர் செய்யப்பட்டார்' என்பதில் எழுவாய் காணாமற்போகிறது. மழை பெய்தது, புயல் கரையைக் கடந்தது என்பது போன்ற இயற்கை நிகழ்வாகக் கொலை மாறிவிடுகிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்திடம் 'ஏன் செய்தாய்' என்று யாரும் கேட்க முடியாது. இலக்கணம் படித்தவர்கள் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

2024ஆம் ஆண்டுச் சென்னையை எடுத்துக்கொள்வோம். ஜூலை 5ஆம் தேதி மாலை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். வந்தவர்களில் சிலர் உணவு விநியோக ஊழியர் உடையில் வந்தனர். ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவர் தம் தெருவில் இப்படிச் செத்தால், அவரை யார் கொன்றார்கள், யார் கொல்லச் சொன்னார்கள் என்பதே ஊரின் முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அன்றிரவே தொடங்கியதோ, அவர் மீது என்னென்ன வழக்குகள் இருந்தன என்ற ஆராய்ச்சி. தலித் தலைவர் ஒருவர் கொலையுண்டால் அவர் தலைவரா, ரவுடியா என்று சான்றிதழ் கேட்கும் பொதுப்புத்தியைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். புதிதாகப் பொறுப்பேற்ற ஆணையர், ரவுடிகளுக்கு அவர்களுக்குப் புரிகிற மொழியில் பாடம் புகட்டப்படும் என்ற பொருள்படப் பேசினார். (மொழி என்று அவர் குறிப்பிட்டது எதை என்று மாநில மனித உரிமை ஆணையம் பின்னர் விளக்கம் கேட்டது.) ஜூலை 14 அதிகாலையில், இவ்வழக்கில் கைதாகி நீதிமன்ற அனுமதியோடு விசாரணைக் காவலில் இருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதுக்கிய ஆயுதங்களை எடுத்துத் தருவதாகச் சொன்ன அவரை மாதவரம் பகுதிக்கு அழைத்துச் சென்றபோது அங்கிருந்த நாட்டுத் துப்பாக்கியால் அவர் சுட்டதாகவும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட நேர்ந்ததாகவும் காவல்துறை கூறியது. செப்டம்பர் 18 அன்று வடசென்னையில் இன்னொருவர். செப்டம்பர் 23 அன்று, முந்தைய நாள் ஆந்திரத்தில் பிடிபட்ட மற்றொருவர். நீலாங்கரைப் பக்கம் ஆயுதங்களைக் கைப்பற்ற அழைத்துச் சென்ற இடத்தில். கதைச்சுருக்கம் மாறவில்லை. சிறுகதைப் போட்டிக்கு ஒருவர் இதே கதையை இத்தனை முறை அனுப்பினால் நடுவர்கள் என்ன செய்வார்கள் என்று இதழ் நடத்துகிற நண்பர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

இறந்தவர்கள் அப்பாவிகள் என்று நாம் வாதிடவில்லை. அவர்களில் சிலரது கையில் ரத்தம் இருந்தது என்று காவல்துறை சொல்வதை ஒரு பேச்சுக்கு முழுதாகவே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் அவர்கள் உயிரோடு தேவைப்பட்டார்கள். கூலிக்கு வெட்டுகிறவனுக்கும் கூலி கொடுக்கிறவனுக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. அதை அறிந்தவன் வெட்டுகிறவன் மட்டுமே. அவன் வாய் மூடும் நாளில் கூலி கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆம்ஸ்ட்ராங் வழக்கில் பல கட்சிக்காரர்களும் வழக்கறிஞர்களும் கைதானார்கள். கட்சிகள் அவர்களை நீக்கி அவசர அறிக்கைகள் வெளியிட்டன. 2025 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்ற உத்தரவிட, அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எந்தத் துறை விசாரித்தாலும், மாதவரத்தில் இறந்தவரிடம் இனி ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

தமிழ் வாசகனுக்கு இது புதிய கதையா? சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கையில் ஒரு சிலம்போடு கோவலன் வந்து அகப்பட்டதும், தன் திருட்டை மூட அவனுக்கு ஒரு பிணம் கிடைத்துவிட்டது. அரசன் விசாரிக்கவில்லை; கள்வனின் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு ஏவலரிடம் சொல்லிவிடுகிறான். போன காவலருக்கோ இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை, தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் செய்வதைக் கவனிக்க வேண்டும். கள்வர்கள் எவற்றையெல்லாம் துணையாகக் கொள்வார்கள் என்று எட்டு வகையாகப் பிரித்து விரிவுரை நிகழ்த்துகிறான். உண்மைக் கள்வனே கள்வரியல் நிபுணனாக நிற்கிறான்! அவன் பேசி முடித்த பிறகு, கல்வியறிவற்ற, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வழக்கு முடிந்தது. சிலம்பு 'கைப்பற்றப்பட்டது'.

இளங்கோவடிகளின் நுட்பம், கொன்றவனைவிடக் கொலையால் பயனடைந்தவனைக் காட்டியதில் இருக்கிறது. விசாரணை நடந்திருந்தால் சிலம்பை உடைத்துப் பார்த்திருப்பார்கள். முத்தா மாணிக்கமா என்பது கோவலன் உயிரோடு இருக்கும்போதே தெரிந்திருக்கும். 'கோவலன் நிரபராதி, ரவுடியும் கோவலனும் ஒன்றா?' என்று உடனே கேட்பார்கள். கோவலன் நிரபராதி என்பது கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகல்லவா பாண்டியனுக்குத் தெரிந்தது! அதுவரை மதுரைக்கு அவன் சிலம்போடு பிடிபட்ட திருடன். ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில், பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது காவலர்கள் மீது பூ தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் அறிக்கை தந்தது: காவலர்கள் கொல்லும் நோக்கத்தோடு சுட்டனர், அவர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும். தூவிய பூவைத் திரும்ப எடுத்துக்கொள்ள எவரும் வரவில்லை.

தலைவர்களிடம் வருவோம். இவர்களுக்கு இரண்டு சொற்கள் போதும். ஆட்சியில் இருந்தால் 'இரும்புக்கரம்'. இல்லாவிட்டால் 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது'. ஆட்சி மாறும் அன்று இருவரும் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். 'அமைதிப் பூங்கா' என்பது இருவருக்கும் பொது. 1982இல் குண்டர் தடுப்புச் சட்டம் வந்தது: விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். கள்ளச்சாராயக்காரர், நில அபகரிப்பாளர் என்று தொடங்கிய பட்டியலில் பின்னாளில் திருட்டு வீடியோ விற்பவரும் சேர்ந்தார். (நம் திரையுலகின் செல்வாக்கை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.) எதிர்க்கட்சியாக இருக்கையில் இச்சட்டத்தைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்தபின் அதைக் கைவிட்டதில்லை. நீதிமன்றங்கள் இந்த ஆணைகளில் பலவற்றை ரத்து செய்கின்றன. அதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்கள்தாம் உண்மையான தண்டனை.

2003ஐ நினைவுகூர்வது நல்லது. அவ்வாண்டு ஜூலையில் சென்னையில் அயோத்திக்குப்பம் வீரமணி சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் பெருமூச்சு விட்டது. செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் வெங்கடேச பண்ணையார் சுட்டுக் கொல்லப்பட்டார். தென் மாவட்டங்கள் கொந்தளித்தன. அடுத்த ஆண்டு அவருடைய துணைவியார் ராதிகா செல்வி திருச்செந்தூர்த் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றார். 2007இல் மத்திய அரசின் இணையமைச்சரானார். எந்தத் துறைக்கு? உள்துறைக்கு. அவரைக் குறைசொல்ல நமக்கு எதுவுமில்லை. கணவரை அப்படி இழந்த ஒருவருக்கு அரசியலில் இடம் தேடும் உரிமை நிச்சயம் உண்டு. நாம் சுட்டுவது கட்சிகளின் கணக்கை. ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரே மாதிரியான இரண்டு சாவுகள். ஒன்றுக்குக் கைதட்டல், மற்றொன்றுக்கு அனுதாப அலை. இறந்தவரின் பின்னால் ஒரு தொகுதியைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் சாதி இருந்ததா என்பதைத் தவிர வேறு வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நகரத்துக்குக் கூலிப்படை ஏன் தேவைப்படுகிறது? நிலம் விலையேறும் இடத்தில் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். தொழிற்சாலைக் கழிவிரும்பை ஏலம் எடுக்கையில் போட்டியாளர் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உரிமையியல் வழக்கு இருபதாண்டு இழுக்கும்போது கட்டப் பஞ்சாயத்து இரண்டே நாளில் முடித்துத் தரும். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் சிலர் சும்மா நின்றிருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் தருகிறவர்கள் வெள்ளை வேட்டியிலோ மடிப்புக் கலையாத சட்டையிலோ இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் காவல் நிலையத்தில் ஏடு எதுவும் திறக்கப்படுவதில்லை. 'ஏ பிளஸ்', 'ஏ', 'பி', 'சி' என்று ரவுடிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கும் துறையிடம், அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களின் தரப்பட்டியலும் இருந்தால் நன்றாயிருக்கும்.

இனி மறுதரப்பு. அதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ சிறு கடை வைத்திருப்பவர், வாரந்தோறும் மாமூல் கொடுத்து, ஒரு வாரம் மறுத்ததற்குக் கடைக் கண்ணாடியை இழந்தவர், ரவுடி செத்த செய்தி கேட்டு நிம்மதியடைந்தால் அவரைக் கண்டிக்க நாம் யார்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கைதட்டுகிறவரின் மகிழ்ச்சி வேறு, இவரது ஆறுதல் வேறு. இவர் புகார் கொடுத்துப் பார்த்திருப்பார். புகார் கொடுத்த விவரம் மாலைக்குள் எதிரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வழக்கு நீதிமன்றம் வருவதற்குள் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்திருப்பார்கள். பிறழ்சாட்சி என்ற சொல்லில் சாட்சியின் மீதே பழி விழுகிறது. உயிருக்கு அஞ்சியவனைப் பிறழ்ந்தவன் என்கிறோம்.

ஆகவே அந்தக் கடைக்காரருக்காகவே கேட்கிறோம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, அதை மாநிலங்கள் சட்டமாகவே கருதிப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் ஒவ்வொரு மாநிலமும் அத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. சாட்சியின் முகவரியை மறைப்பது, விசாரணைக்காலத்தில் வேறிடத்தில் தங்கவைப்பது, வீட்டுக்குக் காவல் போடுவது என்று வழிகள் எழுதப்பட்டிருக்கின்றன. எந்தக் கட்சியாவது தேர்தல் மேடையில் 'சாட்சிகளைக் காப்போம்' என்று முழங்கியதுண்டா? முழங்கினால் கைதட்டல் வராது. செலவு பிடிக்கும், ஆண்டுகள் ஆகும், படம் எடுக்க எதுவும் இருக்காது. தோட்டா மலிவானது.

தோட்டா மலிவானதுதானா என்பதைப் பம்பாய்க்காரர்களிடம் கேட்க வேண்டும். 1980களில் நிழலுலகக் கும்பல்கள் தலைதூக்கிய அந்நகரில் 'என்கவுன்டர் நிபுணர்' என்றே ஒரு தொழில் உருவாயிற்று. பத்திரிகைகள் கிரிக்கெட் ஓட்டங்களைப் போல் அவர்களது எண்ணிக்கையை எழுதின. அவர்களில் ஒருவர் பிரதீப் சர்மா. 2006 நவம்பரில் லக்கன் பையா என்பவர் 'மோதலில்' இறந்தார். வழக்கறிஞரான அவருடைய சகோதரர் விடவில்லை. 2013இல் விசாரணை நீதிமன்றம் காவலர்கள் பதின்மூவர் உள்ளிட்டோரைத் தண்டித்து, சர்மாவை மட்டும் விடுவித்தது. 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இறந்தவரோடு பகை கொண்டிருந்த நிலத் தரகர் ஒருவருக்காக நடந்த கொலை அது என்பது வழக்கு. அதாவது, கும்பலை ஒழிக்க வந்த துப்பாக்கியே கும்பல் செய்துவந்த வேலையைச் செய்தது. விசாரணையின்றிக் கொல்லும் உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அதற்கு ஒரு சந்தை உருவாகாமல் இருக்குமா? பதினெட்டு ஆண்டுகள் வழக்காட ஒரு வழக்கறிஞர் சகோதரர் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ!

2014இல் உச்ச நீதிமன்றம், பம்பாய் மோதல் சாவுகள் தொடர்பாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் நடத்திய வழக்கில் பதினாறு நெறிகளை வகுத்தது. ஒவ்வொரு சாவுக்கும் வழக்குப் பதிவு வேண்டும். வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும். வீரம் ஐயமற நிறுவப்படும் வரை சுட்டவர்களுக்குப் பதக்கமோ முறைமீறிய பதவி உயர்வோ கூடாது. இந்நெறிகள் பின்பற்றப்பட்டனவா என்று ஒவ்வொரு சாவின்போதும் கேட்பதற்கு நாளிதழில் நான்கு வரி போதும். அந்த நான்கு வரிக்கான இடத்தில் இறந்தவரின் காதல் கதை வருகிறது.

நம் வட்டாரத்தையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அதே 2003இல்தான் 'சாமி'யும் 'காக்க காக்க'வும் வந்தன. சட்டத்தைத் தாண்டும் காவலர் நாயகரானார். சிற்றிதழ்க்காரர்கள் அவற்றைப் பார்த்து முகம் சுளித்தது உண்மை. ஆனால் மறுபுறம் அரிவாள் பிடித்தவனைத் திரையில் கண்டால் அவர்களுக்குச் சிலிர்க்கிறது. 'புதுப்பேட்டை', 'வடசென்னை' போன்ற படங்களைச் சொற்களால் அலங்கரித்து எத்தனை கட்டுரைகள்! அப்படங்கள் குறைந்தபட்சம் கும்பலின் மேலே இருக்கும் அரசியல்வாதியைக் காட்டின. கட்டுரைகள் ரத்தத்தின் அழகியலைப் பேசின. 2024 அக்டோபரில் 'வேட்டையன்' வந்து விசாரணையற்ற கொலையைக் கேள்விக்கு உட்படுத்தியது. நீலாங்கரைச் சாவு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அரங்கில் ரஜினி சுட்ட காட்சிக்கு எழுந்த விசில், அவர் வருந்திய காட்சிக்கு எழவில்லை.

சண்டைக் காட்சி என்றதும் பின்னி மில் நினைவுக்கு வருகிறது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாக இருந்த இடம். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு எரிந்த கதையும் அதனோடு சேர்ந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பாழடைந்த கூடங்கள் திரைப்படக்காரர்களுக்கு வாடகைக்குப் போயின. எத்தனை ரவுடிகள் அங்கே நாயகர்களிடம் அடி வாங்கியிருக்கிறார்கள்! தகப்பன் தறியோட்டிய கூடத்தில் மகன் துணை நடிகனாக நின்று ரவுடி வேடத்தில் அடிபடும் நகரம் இது. துறைமுகத்தில் கொள்கலன்கள் வந்து சுமை தூக்கும் கைகளுக்கு வேலை குறைந்த கதையும் அதே காலத்தது. ஆலை மூடினால் எல்லோரும் கத்தி எடுப்பதில்லை. ஆயிரத்தில் ஒருவர்கூட எடுக்கவில்லை. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் முகவரியையும் சேர்த்துத்தான் நாளிதழ்கள் கறைப்படுத்துகின்றன.

காவல் நிலையத்தில் ரவுடிகளுக்காகத் திறக்கப்படும் ஏட்டுக்குச் 'சரித்திரப் பதிவேடு' என்று பெயர். நம் எளிய மக்களுக்கு அரசு தானாக முன்வந்து சரித்திரம் எழுதுவது அங்கே மட்டும்தான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முழு ஊர்களையும் கைரேகை வைக்கச் சொன்ன மரபு; 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் போயிற்று. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. சாதியைக் கேட்ட சட்டம் போய், தெருவைக் கேட்கும் வழக்கம் தங்கிவிட்டது.

அந்தத் தெருக்களையும் அரசே உருவாக்குகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் குடியிருந்தவர்களை அகற்றி, பழைய மாமல்லபுரம் சாலைக்கு அப்பால் 2000இலிருந்து குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீட்டுவேலைக்கும் சுமை தூக்கவும் போய்வந்த இடங்கள் பல மைல்களுக்கு அப்பால் போயின. பிள்ளைகள் பாதிப் படிப்பில் நின்றார்கள். சில ஆண்டுகளில் நாளிதழ்கள் 'குற்றவாளிகளின் கூடாரம்' என்று எழுதத் தொடங்கின. விசாரிக்காமல் கணவனைக் கொன்ற அரசனிடம் நீதி கேட்டவளின் பெயரை அந்தக் குடியிருப்புக்குச் சூட்டியவர் யாரோ. சிலப்பதிகாரம் படித்தவராக இருக்க வேண்டும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அந்த ஒரு வாரம் அவ்வூரின் பெயர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது.

நம்மிடம் முதுகலை படித்த மாணவர் ஒருவர் அங்கிருந்து வந்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால்தான் முதல் வகுப்புக்கு வர முடியும். மூன்று பருவங்களில் அவர் தாமதமாக வந்த நாட்கள் மிகக் குறைவு. இரவில் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போது காவலர்கள் பையைத் திறந்து பார்ப்பதும் விரல் ரேகையைக் கருவியில் பதிவதும் வழக்கம் என்றார். பையில் அகநானூற்று உரை இருந்ததைப் பார்த்து ஒருவர் 'யாருடையது இது?' என்று கேட்டாராம். படிப்பு முடிந்து தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். எழுதி முடித்து முகவரி கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, சைதாப்பேட்டையில் இருக்கும் தன் மாமாவின் முகவரியைச் சொன்னார்.